ழான்-பிரான்சுவா பிலாத்ர் டெ ரோசியே

ழான்-பிரான்சுவா பிலாத்ர் டெ ரோசியே (மார்ச் 30, 1754 – ஜூன் 15, 1785) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த இயற்பியல், வேதியியல் ஆசிரியரும் வான்பயண முன்னோடியும் ஆவார். 1783 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள், தரையுடன் கயிற்றால் பிணைக்கப்படாத வெப்பக் காற்று பலூன் ஒன்றில் தார்லாந்த் பிரபுவுடன் ஏறி, பாரிஸ் நகரின் மேலாகப் பறந்தார். மனிதர் கட்டின்றி வானில் பயணம் செய்ததற்கு உறுதியான சான்றுள்ள முதல் நிகழ்வு இதுவே. இதன் பின் இரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே, ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது பலூன் வீழ்ந்து இறந்தார். அவரும் உடன் சென்ற பியேர் ரோமேனும் வான்விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர்களாகக் கொள்ளப்படுகின்றனர்.

பிலாத்ர் பலூனைக் கண்டுபிடித்தவர் அல்லர். அப்பெருமை மொங்கோல்ஃபியே சகோதரர்களுக்கு உரியது. அவர்கள் உருவாக்கிய பலூனில் ஏறி, அதன் அடியில் எரியும் தீயைத் தம் கையால் கூட்டியும் குறைத்தும் அதனை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்று செய்து காட்டியதே இவரது சாதனை ஆகும்.

பிறப்பும் இளமையும்

பிலாத்ர் வடகிழக்குப் பிரான்சின் மெட்ஸ் நகரில் பிறந்தார். தந்தை முன்னாள் படைவீரர். பின்னர் விடுதி நடத்தியவர். மெட்ஸ் அக்காலத்தில் பெரிய படைமுகாம் நகரமாக இருந்தது. அங்கிருந்த படைத்துறை மருத்துவமனையில் மருந்துகளைப் பற்றி அறியத் தொடங்கிய இளைஞருக்கு வேதியியலில் ஆர்வம் பிறந்தது. மருந்து தயாரிப்பவர் ஒருவரிடம் தொழில் பழகினார். ஏறத்தாழ 18 வயதில் பாரிசுக்குச் சென்றார். பின்னர் ரீம்ஸ் நகரில் இயற்பியலும் வேதியியலும் கற்பித்தார். மன்னர் பதினாறாம் லூயியின் தம்பியான புரோவான்ஸ் கோமகனின் கவனம் இவர்மேல் விழுந்தது இக்காலத்திலேயாகும். இக்கோமகனே பிற்காலத்தில் பதினெட்டாம் லூயி என்ற பெயரில் பிரான்சின் மன்னரானவர். அவரது இயற்கைப் பொருட் சேகரிப்பின் பொறுப்பும், கோமகளின் அரண்மனைப் பணி ஒன்றும் பிலாத்ருக்குக் கிடைத்தன. பெயரின் பின்னால் பிரபுக்களுக்குரிய ஒட்டு சேர்ந்ததும் இதன் பயனே.

1781 டிசம்பர் 11 ஆம் நாள் பாரிசின் மரே பகுதியில் பிலாத்ர் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். பெயர் அருங்காட்சியகம் என்றாலும், இது பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டும் இடமாக மட்டும் இருக்கவில்லை. கட்டணம் செலுத்தி உறுப்பினரானோர்க்கு இங்கு அறிவியல் விரிவுரைகள் நடந்தன, ஆய்வுக்கருவிகள் இருந்தன, சோதனைகள் அவையின் முன் செய்து காட்டப்பட்டன. பல்கலைக்கழகத்துக்கு வெளியே அறிவியலைக் கேட்க விரும்பிய மேற்குடியினருக்கு இது பிடித்தமான இடமாயிற்று. பிலாத்ரின் மறைவுக்குப் பின்னரும் வேறு பெயர்களில் இந்நிறுவனம் நெடுங்காலம் தொடர்ந்து நடைபெற்றது.

அந்நாட்களில் வாயுக்களைப் பற்றிய ஆராய்ச்சி வேதியியலின் புதிய துறையாக இருந்தது. பிலாத்ர் சோதனைகளைத் தம் உடம்பைக் கொண்டே செய்து காட்டுபவர். ஹைட்ரஜன் வாயுவை மூச்சாக உள்ளிழுத்து, வெளிவிடும்போது அதற்குத் தீ வைத்துக் காட்டினார் என்றும், ஒருமுறை அதில் புருவங்கள் பொசுங்கின என்றும் சொல்லப்படுகிறது. இது கேளிக்கை போலத் தோன்றினாலும், இதே துணிவு பயனுள்ள வேலை ஒன்றுக்கும் உதவியது. மலக்குழிகளிலும், மது நொதிக்கும் தொட்டிகளிலும் இறங்கும் தொழிலாளர் நச்சு வாயுவால் மூச்சடைத்து இறப்பதைத் தடுக்க, வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்றைப் பெறும் மூச்சுக்கருவி ஒன்றை இவர் உருவாக்கினார். அதனை அணிந்துகொண்டு தாமே அத்தகைய இடங்களில் இறங்கிச் சோதித்தார். இக்கருவியைப் பற்றிய நூல் அவர் இறந்தபின் 1786 இல் வெளிவந்தது. பலூனின் புகழில் இப்பணி மறைந்துபோனது வருந்தத்தக்கது.

பலூனின் வருகை

ஜோசப், எத்தியென் என்னும் மொங்கோல்ஃபியே சகோதரர்கள் தென்பிரான்சின் அனொனே ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தினர். 1783 ஜூன் 4 ஆம் நாள், துணியும் காகிதமும் சேர்த்துச் செய்த பெரும் பை ஒன்றைத் தீயின் மேல் பிடித்து நிரப்பிப் பொதுமக்கள் முன் வானில் ஏற்றிக் காட்டினர். பையை உயர்த்தியது புகையில் உள்ள ஏதோ தனி வாயு என்றே அவர்கள் கருதினர். அதனால் புகை மிகும்படி வைக்கோலையும் கம்பளி மயிரையும் எரித்தனர். உண்மையில் வேலை செய்தது வெப்பமே. காற்று சூடாகும்போது விரிந்து இலேசாகிறது. 15 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம், 100 பாகையில் அது 0.95 கிலோகிராமுக்குக் குறைகிறது. இந்த வேறுபாடே பலூனைத் தூக்குகிறது. வேறுபாடு சிறிது என்பதால் பை மிகப் பெரிதாக இருக்கவேண்டும்; காற்று ஆறிவிட்டால் பலூன் இறங்கிவிடும் என்பதால் தீ தொடர்ந்து எரியவேண்டும்.

பாரிசில் ழாக் ஷார்ல் என்னும் இயற்பியலாளர் வேறொரு வழியைப் பின்பற்றினார். அவர் ஹைட்ரஜனால் நிரப்பிய பலூனை 1783 ஆகஸ்ட் 27 ஆம் நாள் ஏற்றினார். ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 0.09 கிலோகிராம் அளவே எடையுள்ளது; ஆகவே தூக்கும் ஆற்றல் மிகுதி. ஆனால் தீப்பொறி பட்டால் எரியும். தீயால் ஏறும் பலூன், தீயைக் கண்டால் அழியும் பலூன் என்ற இந்த இரு வகைகளும் ஒரே கோடைக்காலத்தில் தோன்றின. பிலாத்ரின் வாழ்வும் முடிவும் இவ்விரண்டோடும் பிணைந்தவை.

1783 செப்டம்பர் 19 ஆம் நாள் வெர்சாய் அரண்மனையின் முன் மன்னர் பார்த்திருக்க, எத்தியென் மொங்கோல்ஃபியே ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவற்றைக் கூண்டில் வைத்துப் பலூனில் அனுப்பினார். ஏறத்தாழ 8 நிமிடங்களில் அது 3 கிமீ அளவு தொலைவில் ஒரு காட்டில் இறங்கியது. அங்கு முதலில் ஓடிச் சேர்ந்தவர்களுள் பிலாத்ரும் ஒருவர். விலங்குகள் உயிருடன் இருந்தன.

முதலில் ஏறுபவர் யார்?

அடுத்து மனிதர் ஏறவேண்டும். மரண தண்டனை பெற்ற இரு கைதிகளை ஏற்றலாம். பிழைத்தால் விடுதலை செய்யலாம் என்பது மன்னரின் எண்ணமாக இருந்தது. மேலே உள்ள காற்றில் மனிதர் மூச்சுவிட முடியுமா, உயரம் அறிவைக் குழப்புமா என்பதெல்லாம் அறியப்படாத அக்காலத்தில் இது அரசு சிந்திக்கக்கூடிய வழியே. பிலாத்ர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். வானில் முதலில் ஏறிய மனிதர் என்ற பெருமை குற்றவாளிக்குப் போவது தகாது என்பது அவர் வாதம். காலாட்படை அதிகாரியான தார்லாந்த் பிரபுவும், அரசியின் நெருங்கிய தோழியான பொலிஞாக் கோமகளும் அரசவையில் பிலாத்ருக்காகப் பேசினர். மன்னர் இசைந்தார்.

புதிய பலூன் பாரிசின் கிழக்கே, சுவர்த்தாள் உற்பத்தியாளரான ரெவெய்யோனின் தொழிற்சாலை வளாகத்தில் உருவாயிற்று. (பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன்னர், 1789 ஏப்ரலில், கூலி பற்றிய கலகத்தில் சூறையாடப்பட்டது இவரது தொழிற்சாலையே.) 1783 அக்டோபர் 15 ஆம் நாள் பிலாத்ர் தனியாக ஏறினார். கயிறுகளால் தரையுடன் பிணைக்கப்பட்டிருந்த பலூன் ஏறத்தாழ 25 மீட்டர் உயர்ந்து சில நிமிடங்கள் நின்றது. அடுத்த நாட்களில் கயிற்றை நீட்டி 100 மீட்டர் வரை ஏறினார். இப்பயிற்சிகளில்தான், எவ்வளவு வைக்கோல் போட்டால் பலூன் எவ்வளவு ஏறும் என்னும் கணக்கு அவருக்குக் கைவந்தது. பின்னர் நகரின் மேல் உயிரைக் காத்தது இந்தப் பழக்கமே எனலாம்.

பாரிசின் மேல் 25 நிமிடங்கள்

நவம்பர் 21 அன்று பலூன், நகரின் மேற்குப் புறத்தில் புலோன் காட்டை ஒட்டியிருந்த லா முயெத் மாளிகைத் தோட்டத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 21 மீட்டர் உயரமும் 14 மீட்டர் அகலமும் கொண்ட அது, நீல நிறப் பின்னணியில் பொன்னிறச் சூரிய முகங்கள், இராசிச் சின்னங்கள், மன்னரின் பெயரெழுத்து ஆகியவற்றால் அணி செய்யப்பட்டிருந்தது. உறையின் வாயைச் சுற்றிப் பிரம்பாலான வட்ட நடைமேடை. நடுவில் சங்கிலிகளில் தொங்கும் இரும்புத் தீச்சட்டி. சமநிலைக்காக இருவரும் நடைமேடையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கவேண்டும். இடையில் தீயும் உறையின் வாயும் மறைத்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும்.

காலையில் செய்த முதல் முயற்சியில் காற்று வேகமாக வீசியதால் உறை கிழிந்தது. தைத்துச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் அளவு ஆயிற்று. பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்னர் பலூன் புறப்பட்டது. கூட்டம் ஆரவாரம் செய்யாமல் உறைந்து நின்றதாக, இப்பயணத்தைப் பற்றி எழுதிவைத்த தார்லாந்த் குறித்துள்ளார். மக்களின் அச்சத்தைப் போக்க அவர் மேலிருந்து கைக்குட்டையை அசைத்தார்.

பலூன் சேன் ஆற்றை நோக்கி நகர்ந்தது. ஆற்றின் வளைவுகளையும் தீவுகளையும் அடையாளம் காண்பதில் தார்லாந்த் மெய்ம்மறந்தார். தீ தணிந்தது, பலூன் தாழ்ந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் ஆற்றில் குளிக்கவேண்டி வரும் என்ற பொருள்பட மறுபுறத்திலிருந்து பிலாத்ர் கடிந்துகொண்டார். இருவரும் கவைக்கோலால் வைக்கோற் கட்டுகளைத் தீயில் இட்டனர். பலூன் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் வரை சென்றதாகக் குறிக்கப்படுகிறது.

ஆற்றைக் கடந்து, முதிய படைவீரர்களுக்கான அன்வாலீத் இல்லத்துக்கும் படைத்துறைக் கல்லூரிக்கும் இடையில் செல்லும்போது மேலிருந்து வெடிப்பொலி கேட்டது. தார்லாந்த் நிமிர்ந்து பார்த்தார். தீப்பொறி பட்டு உறையில் வட்ட வட்டமாக ஓட்டைகள் விழுந்திருந்தன. சில ஓரங்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. நடைமேடையைத் தாங்கிய கயிறுகளில் சிலவும் அறுந்திருந்தன. இதற்கெனவே வாளியில் நீரும் கடற்பஞ்சும் வைத்திருந்தனர். எட்டிய இடங்களை ஈரப் பஞ்சால் ஒற்றி அணைத்தார். உடனே இறங்கவேண்டும் என்று கூவினார். ஆனால் கீழே இருந்தது பாரிஸ்: ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள், நெருங்கிய கூரைகள், ஒவ்வொரு கூரையின் கீழும் உத்தரங்கள். எரியும் சட்டியுடன் அங்கு இறங்குவது தம்மைமட்டும் பலிகொடுப்பதாக இராது. மீதிக் கயிறுகளைச் சோதித்து, அவை தாங்கும் என்று கண்டபின், நகரைக் கடந்தே இறங்குவது என முடிவு செய்தனர்.

கூரைகள் மறுபடியும் நெருங்கி வந்தன. சென்-சுல்பீஸ் தேவாலயத்தின் கோபுரங்கள் எதிரே நின்றன. தீயைக் கூட்டி மேலெழுந்தபோது, அவ்வுயரத்தில் வீசிய வேறொரு காற்று பலூனைத் தெற்கே திருப்பிவிட்டது. பலூனைப் பக்கவாட்டில் செலுத்த எந்த வழியும் இல்லை; உயரத்தை மாற்றி வேறு காற்றோட்டத்தைப் பிடிப்பதே ஒரே வழி. இன்றைய பலூனோட்டிகளும் இதையே செய்கின்றனர்.

25 நிமிடங்களுக்குப் பின், புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 9 கிமீ தொலைவில், அன்று நகருக்கு வெளியே இருந்த பியூத்-ஓ-காய் மேட்டில் இரு காற்றாலைகளுக்கு இடையே பலூன் இறங்கியது. தார்லாந்த் வெளியே குதித்தார். சரிந்து விழுந்த துணியின் அடியிலிருந்து பிலாத்ர் சட்டையுடன் ஊர்ந்து வெளிவந்தார். கழற்றி வைத்திருந்த அவரது மேலங்கியை, ஓடிவந்த கூட்டத்தினர் நினைவுப்பொருளாகப் பிய்த்து எடுத்துக்கொண்டனர். எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே மீந்திருந்தது. அன்று லா முயெத்தில் எழுதப்பட்ட சான்றுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களுள், அமெரிக்கத் தூதராக அருகில் தங்கியிருந்த பெஞ்சமின் பிராங்கிளினும் ஒருவர்.

பிந்திய பறப்புகள்

பத்தே நாட்களில், டிசம்பர் 1 அன்று, ஷார்லும் அவரது துணைவர் ரொபேரும் பாரிசிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் பறந்தனர். தீயை வளர்க்கும் தொல்லையின்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் இருந்தனர். வெப்பக் காற்று பலூனின் குறை இதனால் வெளிப்படையாயிற்று.

1784 ஜனவரி 19 ஆம் நாள் லியோன் நகரில், ஜோசப் மொங்கோல்ஃபியேயுடன் பிலாத்ர் மிகப் பெரிய பலூன் ஒன்றில் ஏறினார். உறையின் நிலை கருதி மூவர் மட்டும் ஏறலாம் என்று பிலாத்ர் சொன்னதை, முன்பே இடம் பிடித்திருந்த பிரபுக்கள் ஏற்கவில்லை. புறப்படும் தருணத்தில் மேலும் ஓர் இளைஞர் தாவி ஏற, எழுவருடன் பலூன் எழுந்தது. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் உறை கிழிந்து வேகமாக இறங்கியது. உயிரிழப்பு இல்லை.

அதே ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் வெர்சாயில், பதினாறாம் லூயியும் சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவும் பார்த்திருக்க, வேதியியலாளர் ஜோசப் புரூஸ்டுடன் பிலாத்ர் பறந்தார். (சேர்மங்களில் தனிமங்கள் மாறா விகிதத்தில் சேர்கின்றன என்னும் விதியால் பின்னாளில் அறியப்பட்டவர் இந்தப் புரூஸ்டே.) முகில்களைத் தாண்டி ஏறத்தாழ 3,000 மீட்டர் ஏறி, 45 நிமிடங்களில் 52 கிமீ கடந்து ஷான்டிலி அருகே இறங்கினர். உயரம், தொலைவு, வேகம் மூன்றிலும் அது அன்றைய உச்சம். பிலாத்ர் இப்பயணத்தைப் பற்றித் தாமே ஒரு சிறுநூல் எழுதினார்.

கால்வாய் முயற்சியும் இறப்பும்

பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடல் கடந்து பறப்பது அடுத்த நோக்கம். நிதியமைச்சர் கலோன் அரசுப் பணம் வழங்கினார். இதற்காகப் பிலாத்ர் புதுவகைப் பலூனைத் திட்டமிட்டார். மேலே உருண்டையான ஹைட்ரஜன் பலூன். அதன் கீழே உருளை வடிவில் வெப்பக் காற்று பலூன். எடையை ஹைட்ரஜன் தாங்கும். தீயைக் கூட்டிக் குறைத்து உயரத்தை மாற்றலாம். வாயுவையோ மணல்மூட்டையையோ இழக்காமல் ஏறி இறங்கிச் சாதகமான காற்றைத் தேடலாம் என்பதே இதன் சிறப்பு. சிந்தனை அளவில் இது மிக நேர்த்தியான தீர்வு. ஆனால் எரியும் வாயுவுக்குக் கீழே தீச்சட்டி தொங்கியது. ஷார்ல் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார் என்பர்.

1784 இன் இறுதியில் பலூன் கடற்கரை நகரான புலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கால்வாயில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். இங்கிலாந்திலிருந்து வருவோர்க்கு அது துணை. பிரான்சிலிருந்து செல்வோர்க்குத் தடை. 1785 ஜனவரி 7 ஆம் நாள் பிளான்ஷாரும் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரீசும் டோவரிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் புறப்பட்டு, எடை குறைக்க உடைகளைக்கூட எறிந்துவிட்டு, பிரெஞ்சுக் கரையை அடைந்தனர். முதலில் கடந்தவர் என்ற பெருமை போயிற்று. எனினும் பிலாத்ரால் விலக முடியவில்லை. அரசுப் பணம் செலவாகியிருந்தது. எதிர்த்திசைப் பயணம் இன்னும் எவராலும் செய்யப்படவில்லை. பலூனை உடனிருந்து கட்டிய ரோமேனுடன் அவர் மாதக்கணக்கில் காற்றுக்காகக் காத்திருந்தார். இதற்குள் உறை குளிராலும் ஈரத்தாலும் நைந்தது. எலிகளும் அதனைக் கடித்தன.

1785 ஜூன் 15 ஆம் நாள் காலை ஏழு மணியளவில் இருவரும் புறப்பட்டனர். பலூன் கடலின் மேல் சற்றுத் தொலைவு சென்றது. பின் காற்று மாறிக் கரைக்கே திருப்பித் தள்ளியது. புறப்பட்டு அரை மணி நேரம் அளவில், ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் மேல் பலூன் திடீரெனச் சுருங்கியது. புலோனிலிருந்து 5 கிமீ தொலைவில் விமெரூ அருகே இருவரும் தரையில் விழுந்து இறந்தனர். பிலாத்ருக்கு அப்போது வயது 31. இருவரது உடல்களும் அண்மையிலுள்ள விமீல் ஊரில் அடக்கம் செய்யப்பட்டன.

தீப்பொறி ஹைட்ரஜனைப் பற்றியது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் காரணம். ஆனால் உறை தீப்பிடிக்காமலே காற்றிழந்து விழுந்தது என்ற விவரிப்பும் உண்டு. அதன்படி, வாயுவை வெளியேற்றும் அடைப்பிதழின் கயிற்றை இழுத்தபோது நைந்த துணி கிழிந்திருக்கலாம். அவ்வாறாயின் அவர்களைக் கொன்றது தீயும் வாயுவும் சேர்ந்த அமைப்பு என்பதைவிட, ஆறு மாதக் காத்திருப்பும் விலக முடியாத நிலையும் என்றே கொள்ளவேண்டும்.

ரோசியேர் பலூன்

வாயுவும் வெப்பக் காற்றும் சேர்ந்த பலூன் வகை இன்று இவர் பெயரால் ரோசியேர் எனப்படுகிறது. ஹைட்ரஜனுக்குப் பதிலாக, எரியாத ஹீலியத்தைப் பயன்படுத்தியபோது அவரது திட்டத்தின் பெருங்குறை நீங்கியது. பகலில் வெயில் வாயுவைச் சூடாக்குகிறது. இரவில் அடுப்பைச் சிறிதளவு எரித்தாலே போதும். இதனால் பலூன் பல நாட்கள் வானில் நிற்கும். 1999 மார்ச்சில் பேர்ட்ரண்ட் பிக்கார், பிரையன் ஜோன்ஸ் ஆகியோர் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிவந்த பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 இவ்வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 20 நாட்கள் பறந்து அது எகிப்தில் இறங்கியது. 2002 இல் ஸ்டீவ் ஃபொசெட் தனியாக உலகைச் சுற்றியதும் ரோசியேர் பலூனிலேயே.

பழைய லா முயெத் மாளிகை இன்று இல்லை. அதனருகே 1920களில் கட்டப்பட்டு அதே பெயரைத் தாங்கும் மாளிகை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் தலைமையிடமாக உள்ளது. பலூன் இறங்கிய பியூத்-ஓ-காய், நகரம் வளர்ந்தபோது அதனுள் அடங்கி, இப்போது பாரிசின் 13 ஆவது வட்டத்தில் வீடுகள் நெருங்கிய பகுதியாக இருக்கிறது.